பத்துக் கோத்திரங்கள் எங்கே போயின?

2025 நவம்பரில் இஸ்ரேல் அரசு ஒரு முடிவெடுத்தது. மணிப்பூரிலும் மிசோரமிலும் மிச்சமிருக்கும் 'பினே மெனாஷே' சமூகத்தினர் சுமார் 5,800 பேரை 2030க்குள் இஸ்ரேலுக்கு அழைத்துக்கொண்டு போய்க் குடியமர்த்துவது என்று. செய்தியோடு கூடவே ஒரு விளக்கமும் வந்தது: இவர்கள் பழைய இஸ்ரவேலின் 'காணாமல் போன பத்துக் கோத்திரங்களில்' ஒன்றான மனாசேயின் வழியினராம். படித்தவர்களுக்குக் குழப்பம். திபெத்திய-பர்மிய மொழி பேசும் மலைவாழ் மக்களுக்கும் மத்தியதரைக் கடலோரத்து மக்களுக்கும் என்ன தொடர்பு? பத்து என்றால் எந்தப் பத்து? ஒரு கூட்டமே எப்படிக் காணாமல் போகும்?

இதை அடியிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துக் கோத்திரங்களும் மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ போய் மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி ஊரிலேயே இருந்தது, ஒரு பகுதி தெற்கே போய் யூதர்களோடு கலந்தது, கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசு (இன்றைய வட இராக்கை மையமாகக் கொண்டது) கொண்டுபோன பகுதி போன இடத்தில் கரைந்தது. காணாமல் போனது பெரும்பாலும் கோத்திரப் பெயர்தான்.

கோத்திரம் என்பது எது

தமிழ் வேதாகமத்தில் 'கோத்திரம்' என்ற சொல் இருப்பதால் நம் ஊர்க் கோத்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் கோத்திரம் ஒரு ரிஷியின் பெயரைச் சொல்லும், ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். இஸ்ரவேலில் கோத்திரம் என்பது ஒரு முப்பாட்டன் பெயர், ஒரு நிலப்பகுதி, சண்டைக்கு ஒன்றாகப் போகும் ஒரு படை எல்லாம் சேர்ந்தது. ஒரே கோத்திரத்துக்குள் கல்யாணம் செய்துகொள்வது தடையில்லை. நிலம் கைமாறாமல் இருக்க அதுதான் நல்லது என்றுகூட நினைத்தார்கள். செலொப்பியாத் என்பவருக்கு ஆண் பிள்ளை இல்லை, ஐந்து பெண்கள். அப்பாவின் நிலத்தை எங்களுக்குக் கொடு என்று அவர்கள் மோசேயிடம் கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேதாகமத்தின் எண்ணாகமம் என்ற புத்தகத்தில் இருக்கும் கதை. கோத்திரத்துக்கும் நிலத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்று இதிலேயே தெரியும். இந்தப் பெண்களில் ஓக்லாள், நோவாள் என்ற இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

வேதாகமக் கணக்குப்படி யாக்கோபுக்கு நான்கு பெண்கள் வழியாகப் பன்னிரண்டு மகன்கள். லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன். ராகேலுக்கு யோசேப்பு, பென்யமீன். பில்காளுக்குத் தாண், நப்தலி. சில்பாளுக்குக் காத், ஆசேர். யாக்கோபுக்கு இஸ்ரவேல் என்று இன்னொரு பெயர், அதனால் இஸ்ரவேல் புத்திரர்.

பன்னிரண்டு என்ற கணக்கே நேராக இல்லை

'பத்து' என்ற எண்ணை நம்பி உட்காருவதற்கு முன்னால் கூட்டிப் பார்ப்பது நல்லது.

1. லேவி கோத்திரத்துக்குத் தனி நிலம் கிடையாது. அவர்கள் வழிபாட்டு வேலைக்காரர்கள், மற்றவர்களின் பகுதிகளில் 48 ஊர்கள் மட்டும் அவர்களுக்கு. ஆக நிலக் கணக்கில் பதினொன்று.

2. யோசேப்பின் பங்கு இரண்டாகப் பிரிந்து அவருடைய மகன்கள் எப்பிராயீம், மனாசே என்று இரண்டு கோத்திரம் ஆயிற்று. மறுபடி பன்னிரண்டு.

3. பின்னாளில் ராஜ்யம் வடக்கு, தெற்கு என்று இரண்டானது, 'பத்து' என்பது வடக்கைக் குறிப்பது. அப்படி வடக்கே பிரிந்துபோனவர்களை எண்ணினால் ரூபன், காத், தாண், நப்தலி, ஆசேர், இசக்கார், செபுலோன், எப்பிராயீம், மனாசே. மொத்தம் ஒன்பது. பத்தாவதாகச் சிமியோனைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். ஆனால் யோசுவா புத்தகத்தின்படி சிமியோனின் நிலம் யூதாவின் எல்லைக்குள்ளே, தெற்குக் கோடியில் இருக்கிறது. வடக்கு ராஜ்யத்தோடு அது எப்படிப் போயிருக்கும்?

4. பட்டியலும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்தில் வரும் தெபோராளின் பாட்டு, எபிரேய வேதாகமத்தின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்று என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுவது. அதில் போருக்கு வந்தவர்களுக்குப் புகழ், வராதவர்களுக்குத் திட்டு. எண்ணினால் பத்துப் பெயர்தான் வருகிறது. யூதா இல்லை, சிமியோன் இல்லை, லேவி இல்லை. மனாசே, காத் இருக்க வேண்டிய இடத்தில் மாகீர், கீலேயாத் என்று வேறு பெயர்கள். உபாகமம் 33ஆம் அதிகாரத்தில் மோசே எல்லாக் கோத்திரங்களையும் ஆசீர்வதிக்கிறார், அங்கேயும் சிமியோனைக் காணோம்.

5. கோத்திரங்கள் இடமும் மாறின. தாண் முதலில் பெலிஸ்தர் பக்கத்தில் இருந்தது. அங்கே இருக்க முடியாமல் வடகோடிக்குப் போய் லாயீஸ் என்ற ஊரைப் பிடித்து அதற்குத் தாண் என்று பெயர் வைத்தது.

இதிலிருந்து எனக்குப் படுவது இதுதான். பன்னிரண்டு என்பது பிற்காலத்தில் ஒழுங்குபடுத்திய கணக்கு. தரையில் இருந்தவை சேர்ந்தும் பிரிந்தும் ஒன்றை ஒன்று விழுங்கியும் வாழ்ந்த குலங்கள். ஆக, அசீரியர்கள் வருவதற்கு முன்னாலேயே சில கோத்திரங்கள் பெயரளவில் மட்டும்தான் இருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லும் ஓடும் சொல்வது

வேதாகமத்துக்கு வெளியே இந்தக் கோத்திரங்களுக்குச் சான்று உண்டா என்று கேட்டால், உண்டு, கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் அருமையானது.

'இஸ்ரவேல்' என்ற பெயர் முதலில் தெரிவது எகிப்து மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில். 1896இல் தீப்ஸில் கிடைத்தது. அதில் மற்றப் பெயர்களுக்கு நாடு என்பதற்கான குறி, இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் கூட்டம் என்பதற்கான குறி. அப்போது அது ஒரு நாடாக இல்லை, ஒரு சனமாக இருந்தது.

அப்புறம் மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு, கி.மு. 9ஆம் நூற்றாண்டு, 1868இல் ஜோர்டானின் தீபானில் தெரியவந்தது. அதில் எதிரி அரசன் தன் வாயாலேயே சொல்கிறான்: காத்தின் மனிதர்கள் அதரோத் நாட்டில் ஆதியிலிருந்து குடியிருந்தார்கள் என்று. எண்ணாகமத்திலும் காத் புத்திரர் கட்டிய ஊர்களில் அதரோத் வருகிறது. ஆனால் அதே பகுதியில் இருந்திருக்க வேண்டிய ரூபனைப் பற்றி மேசா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மூத்த மகனின் கோத்திரம் அதற்குள் தேய்ந்துபோயிருக்கலாம்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது சமாரியா ஓடுகள். 1910இல் வடக்கு ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய கணக்குச் சீட்டுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு முற்பகுதியைச் சேர்ந்தவை, படிக்க முடிகிறவை அறுபதுக்கும் மேல். எழுதியிருப்பது சாதாரண விஷயம்: இத்தனையாவது வருஷம், இந்தக் குலத்துப் பகுதியிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், அல்லது ஒரு ஜாடி சுத்தம் செய்த எண்ணெய். அவ்வளவுதான். ஆனால் குலங்களின் பெயர்களைப் பாருங்கள்: அபியேசர், ஏலேக், சீகேம், செமீதா, அஸ்ரியேல், அதோடு ஓக்லாள், நோவாள். மனாசே கோத்திரத்தின் குலங்கள் என்று எண்ணாகமமும் யோசுவாவும் தரும் அதே பெயர்கள். அப்பாவின் நிலத்தைக் கேட்டு வாங்கிய அந்தப் பெண்களின் பெயர்கள், வரி ஜாடிகள் வந்துசேரும் வட்டாரங்களின் பெயர்களாக, ஏதோ ஒரு கணக்கர் கைப்பட எழுதியது, இன்றும் இருக்கிறது. மனாசே என்ற கோத்திரம் நிலத்தோடு எப்படி ஒட்டியிருந்தது என்பதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. கோத்திரம் நிலத்தின் பெயராகவே ஆகிவிட்டால், நிலம் போகும்போது என்ன ஆகும் என்ற கேள்வியும் இங்கேயே தொடங்குகிறது.

இரண்டு ராஜ்யங்கள், பிறகு அசீரியா

வேதாகமத்தின்படி சாலொமோனுக்குப் பிறகு, கி.மு. 930 வாக்கில், ராஜ்யம் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், பின்னாளில் சமாரியா தலைநகர். தெற்கே யூதா, எருசலேம் தலைநகர், யூதாவோடு பென்யமீனும் லேவியரும். வடக்குதான் பெரியது, வளமானது, படைபலமும் உள்ளது. அசீரியக் கல்வெட்டு ஒன்று கி.மு. 853இல் நடந்த கர்கார் போரில் 'இஸ்ரவேலன் ஆகாப்' எதிர்த்து நின்றதைப் பதிந்திருக்கிறது.

முடிவு ஒரே நாளில் வரவில்லை. மூன்று கட்டம்.

1. கி.மு. 733-732: மூன்றாம் திகிலாத்பிலேசர் கலிலேயாவையும் யோர்தானுக்குக் கிழக்கே உள்ள கீலேயாத்தையும் பிடித்துக்கொண்டான். நப்தலி நாடு முழுவதும் போயிற்று என்று 2 இராஜாக்கள் 15 சொல்கிறது. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரம் கொண்டுபோகப்பட்டதை 1 நாளாகமம் 5 சொல்கிறது.

2. கி.மு. 722 வாக்கில்: ஐந்தாம் சல்மனாசார் மூன்று வருஷம் முற்றுகையிட்டபின் சமாரியா விழுந்தது.

3. கி.மு. 720: அடுத்து வந்த இரண்டாம் சர்கோன் மறுபடி எழுந்த கலகத்தை அடக்கி, மக்களைப் பெயர்த்து, சமாரியாவை அசீரிய மாகாணமாக்கினான். அவன் கல்வெட்டில் கொண்டுபோன மக்கள் எண்ணிக்கை 27,290.

27,290 பேர் என்பது பெரிய துயரம். குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்திருப்பார்கள். ஆனால் வடக்கு ராஜ்யத்தின் மொத்த மக்கள் தொகையோ அதைப் போலப் பல மடங்கு. முந்தைய கட்டத்தில் போனவர்களைச் சேர்த்தாலும் எல்லோரும் போனதாகக் கணக்கு வராது. சர்கோனின் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான், அரசர்கள் எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வது வழக்கம். பெருக்கிச் சொன்ன எண்ணே இவ்வளவுதான் என்றால் வாதம் இன்னும் பலப்படுகிறது.

மூன்று வழியில் போன மக்கள்

*கொண்டுபோகப்பட்டவர்கள்.* ஆலாகிலும், கோசான் நதியோரமான ஆபோரிலும், மேதியரின் பட்டணங்களிலும் குடியேற்றினான் என்கிறது 2 இராஜாக்கள் 17. இவை கற்பனை ஊர்கள் இல்லை. கோசான் என்பது இன்றைய சிரியாவில் துருக்கி எல்லையை ஒட்டிய தெல் ஹலாஃப், ஆபோர் என்பது காபூர் ஆறு. மேதியர் நாடு மேற்கு ஈரான். போனவர்கள் எல்லோரும் அடிமைச் சங்கிலியில் கிடந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நிம்ருதில் கிடைத்த அசீரியக் களிமண் பலகைகளில் படைக் குதிரைகளின் கணக்கு ஒன்று உண்டு. அதில் சமாரியாக்காரர்களின் தேர்ப்படைப் பிரிவு என்று தனித் தலைப்பு, கீழே 13 அதிகாரிகளின் பெயர்கள். யாவ்கா, அகி-யாவ் என்று சில பெயர்களில் இஸ்ரவேலின் கடவுள் பெயர் ஒட்டியிருக்கிறது. தன் ராஜ்யத்தை அழித்தவனின் படையிலேயே அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அராமிய மொழி பேசியிருப்பார்கள், பேரப்பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்துப் பெயர் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு சான்றுகளில் அவர்களைப் பிரித்துக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கரைந்தார்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

*ஊரிலேயே இருந்தவர்கள்.* கலிலேயாவில் தொல்லியல் கள ஆய்வு செய்தவர்கள் கி.மு. 732க்குப் பிறகு அங்கே பல ஊர்கள் ஆளில்லாமல் போனதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சமாரியா மலைப்பகுதி அந்த அளவுக்குக் காலியாகவில்லை. அசீரியர்கள் அங்கே பாபிலோன், கூத்தா, ஆமாத் போன்ற இடங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இருந்தவர்கள், வந்தவர்கள் இரண்டும் சேர்ந்த இடம் அது. யூத மரபில் இந்த மக்களை வந்தேறிகள் என்று தள்ளிவைத்தார்கள். சமாரியரோ தங்களை எப்பிராயீம், மனாசே கோத்திரத்தாரென்றும், தங்கள் ஆசாரியர்களை லேவியரென்றும் சொல்லிவருகிறார்கள். நல்ல சமாரியன் உவமையில் வரும் அதே சமாரியர்தான். இன்றும் இருக்கிறார்கள், சுமார் 900 பேர். நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையிலும் டெல் அவிவ் பக்கத்தில் ஹோலோனிலும் வாழ்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் 150க்கும் கீழே குறைந்துபோயிருந்த சமூகம் இது. தங்களுடைய பழைய எழுத்தில் ஐந்து ஆகமங்களை (வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள்) வைத்திருக்கிறார்கள், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு இன்றும் அந்த மலையில் ஆடு பலியிடுகிறார்கள். 2004இல் வெளியான மரபணு ஆய்வில் இவர்களின் ஆண் வழி மரபு யூதர்களுக்கு மிக நெருக்கமாக இருந்தது. 'காணாமல் போன' வடக்குக் கோத்திரங்களைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்கச் சுற்றுவதற்கு முன்னால் இந்த மலைக்கு ஒரு தரம் போயிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

*தெற்கே போனவர்கள்.* கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் சட்டென்று பல மடங்கு பெருத்தது. மேற்கு மேட்டில் புதுக் குடியிருப்பு எழுந்தது, அதைச் சுற்றி சுமார் 7 மீட்டர் தடிமனில் ஒரு மதில் கட்டினார்கள். 1970களில் அதைத் தோண்டியெடுத்தார்கள், இன்றும் பார்க்கலாம். வடக்கிலிருந்து வந்த அகதிகளால்தான் இந்தப் பெருக்கம் என்பது இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் போன்ற தொல்லியலாளர்களின் கருத்து. நதாவ் நஆமான் போன்றவர்கள் ஊர் மெல்ல மெல்ல வளர்ந்தது என்று மறுக்கிறார்கள். எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதில் சண்டை இருக்கட்டும், வந்தவர்கள் உண்டு என்பதற்கு நூல்களே சாட்சி. யூதாவின் ராஜா எசேக்கியா பஸ்காவுக்கு அழைத்தபோது ஆசேர், மனாசே, செபுலோனிலிருந்து சிலர் வந்ததாக 2 நாளாகமம் 30 சொல்கிறது. எருசலேமில் எப்பிராயீம், மனாசே மக்களும் குடியிருந்ததாக 1 நாளாகமம் 9 சொல்கிறது. வடக்குக் கதைகளான எலியா, எலிசா வரலாறும் ஓசியாவின் தீர்க்கதரிசனமும் தெற்கத்தியர் பாதுகாத்த நூல்களுக்குள் வந்து சேர்ந்ததற்கும் இந்த இடப்பெயர்வே காரணம் என்பது பலரின் முடிவு. ஆக இன்றைய யூதர்களுக்குள் வடக்கத்திய இரத்தமும் ஓடுகிறது.

யூதாவும் நாடு கடத்தப்பட்டதே, அது ஏன் கரையவில்லை?

இந்தக் கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை, எனக்கோ விஷயத்தின் மையமே இதுதான் என்று படுகிறது. கி.மு. 597இலும் 586இலும் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் யூதாவின் மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான், ஆலயத்தை எரித்தான். ஆனால் அவர்கள் யூதர்களாகவே மிஞ்சினார்கள். காரணங்கள்:

1. குடியமர்த்திய முறை. அசீரியர் பெயர்த்தவர்களைப் பேரரசு எங்கும் சிதறவிட்டார்கள். பாபிலோனியர் ஓரிடத்து ஆட்களைச் சேர்த்தே வைத்தார்கள். பாபிலோனியாவில் 'அல்-யாகுது', அதாவது யூதா ஊர், என்று ஒரு கிராமமே இருந்தது. அங்கே எழுதிய களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன, மிகப் பழையது கி.மு. 572. வரி, கடன், பார்லி, பேரீச்சம்பழம் என்று அன்றாடக் கணக்குகள், யூதப் பெயர்களோடு.

2. சொந்த ஊர் காத்திருந்தது. யூதாவில் வெளியாட்களை அரசு கொண்டுவந்து குடியேற்றவில்லை.

3. காலம். எருசலேம் விழுந்து ஐம்பது வருஷத்துக்குள் பாரசீகக் கோரேசு பாபிலோனைப் பிடித்து (கி.மு. 539), விரும்பியவர்கள் திரும்பலாம் என்று விட்டான். ஊரை நேரில் பார்த்த கிழவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். வடக்கத்தியருக்கு அதற்குள் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருந்தது.

4. கையில் எழுத்து இருந்தது. ஆலயம் போனபிறகும் ஓய்வுநாள், விருத்தசேதனம், நியாயப்பிரமாணம் என்று இடம் தேவைப்படாத அடையாளங்களைப் பிடித்துக்கொண்டார்கள். நிலத்தோடு ஒட்டிய கோத்திரத்துக்கு இது முடியாத காரியம்.

திரும்பியவர்களின் மாகாணத்துக்கு யெஹுத் என்று பெயர். அங்கிருந்துதான் 'யூதர்' என்ற சொல் ஒரு கோத்திரத்தின் பெயராக இல்லாமல் ஒரு மக்களின் பெயராக ஆயிற்று. எஸ்தர் புத்தகத்தில் மொர்தெகாயை 'யூதன்' என்று அறிமுகப்படுத்திவிட்டு அதே வசனத்தில் 'பென்யமீனியன்' என்கிறார்கள். இரண்டும் முரண் இல்லை என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். முதலாம் நூற்றாண்டில் பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்கிறார். லூக்காவில் எருசலேம் ஆலயத்தில் இருக்கும் அன்னாள் ஆசேர் கோத்திரத்தாள். ஆசேர் 'தொலைந்த' பத்தில் ஒன்று! தொலைந்துபோன கோத்திரத்துப் பாட்டி ஒருத்தி ஆலயத்தில் உபவாசம் இருப்பது அந்தக் காலத்து வாசகர்களுக்கு வியப்பாகப் படவில்லை.

'தொலைந்தார்கள்' என்ற நினைப்பு எப்போது வந்தது

எரேமியா, எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசிகள் இருவரும் வடக்கும் தெற்கும் மறுபடி ஒன்று சேரும் என்றார்கள். சேரவில்லை. அப்படியானால் அவர்கள் எங்கோ இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், பத்துக் கோத்திரங்கள் யூப்ரடீசுக்கு அப்பால் எண்ண முடியாத கூட்டமாக இருப்பதாக எழுதினார். அதே நூற்றாண்டின் முடிவில் எழுந்த எஸ்றாவின் தரிசன நூல் அவர்களை அர்சாரெத் என்ற தொலைதூர தேசத்துக்கு அனுப்பிவைத்தது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் ரபி (யூத மத குரு) அகிபா அவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்கிறார், ரபி எலியேசர் வருவார்கள் என்கிறார். பிறகு சம்பத்தியோன் என்ற ஆறு கதைக்குள் வந்தது: ஆறு நாள் கல்லை உருட்டிக்கொண்டு ஓடும், ஓய்வுநாளில் நிற்கும், ஓய்வுநாளில் பயணம் கூடாது என்பதால் அப்பால் இருக்கும் கோத்திரத்தார் கடந்து வர முடியாது. துன்பப்பட்ட சமூகத்துக்கு எங்கோ ஆற்றுக்கு அப்பால் சுதந்திரமான சகோதரர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் எல்தாத் ஹதானி என்பவர் தான் தாண் கோத்திரத்தான் என்று வட ஆப்பிரிக்காவில் கைரவானில் வந்து நின்றார். 1524இல் தாவீது ரூபேனி என்பவர் தன் அண்ணன் கோத்திரங்களின் அரசன் என்று சொல்லிக்கொண்டு போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்டையே சந்தித்தார். கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கப் பழங்குடிகளே அந்தக் கோத்திரங்கள் என்றார்கள். பிறகு ஆங்கிலேயரே தாங்கள்தான் என்று சொல்லிக்கொண்ட இயக்கமும் வந்தது. ஐரோப்பியர் போன இடமெல்லாம் இந்தப் பட்டியலையும் கையில் கொண்டுபோனார்கள், பல சமூகங்களுக்கு அந்தப் பெயர் முதலில் வெளியிலிருந்துதான் வந்து சேர்ந்தது.

இன்றைய உரிமைக் குரல்களும் டிஎன்ஏ-வும்

எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ரவேல் மக்களைத் தாண் கோத்திரத்தார் என்று 1973இல் தலைமை ரபி ஓவதியா யோசேப் அறிவித்தார். 1991 மே மாதம் 14,000க்கும் மேற்பட்டவர்களை 36 மணி நேரத்துக்குள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுவந்தார்கள். மரபணுவைப் பார்த்தால் அவர்கள் பெரும்பாலும் எத்தியோப்பிய அண்டை மக்களோடு சேர்ந்தவர்கள். பஷ்தூன்களிடமும் இஸ்ரவேல் வம்சக் கதை உண்டு, 17ஆம் நூற்றாண்டு முகலாய அரசவையில் எழுதிய வரலாற்றில் அது விரிவாக இருக்கிறது. மரபணு ஆதரவு கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் உள்ள லெம்பா மக்களின் ஆண் வழியில் மத்தியக் கிழக்குத் தொடர்பு தெரிந்தது, ஆனால் அது அரபு வணிகர்கள் வழியாகவும் வந்திருக்கலாம்.

டிஎன்ஏ சோதனை செய்தால் கோத்திரம் தெரிந்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது.

1. ஒப்பிடுவதற்கு மாதிரி வேண்டும். இது மனாசேக்காரனின் எலும்பு என்று பெயர் எழுதிய எலும்பு எங்கும் கிடையாது.

2. ஒய் குரோமோசோம் ஒரே ஒரு தந்தை வழியை மட்டும் காட்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனாலே 1,024 மூதாதைகள், அதில் ஒருவரைத்தான் அது சொல்கிறது. 2,700 வருஷம் என்பது ஏறக்குறைய நூறு தலைமுறை.

3. தொடர்பு தெரியாவிட்டால் அது இல்லை என்றும் ஆகாது. சில நூறு பேர் ஒரு பெரிய மக்கள் கூட்டத்தில் கலந்திருந்தால் இத்தனை காலத்தில் தடம் அழிந்திருக்கும்.

ஆக டிஎன்ஏ, "உங்கள் முன்னோரில் சிலர் மத்தியக் கிழக்கிலிருந்து வந்தவர்கள்" என்பது வரை சொல்லும். அதற்கு மேல் சொல்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

யூதர்களுக்குள் கோத்திர நினைவு உயிரோடு இருப்பது ஒரே ஒரு கோத்திரத்துக்குத்தான், நிலமே இல்லாத லேவிக்கு. ஜெப ஆலயத்தில் ஓய்வுநாள் காலையில் தோரா (ஐந்து ஆகமங்கள்) சுருளை விரித்ததும் முதல் பகுதியை வாசிக்க ஒரு கோகேனை, அதாவது ஆசாரியர் வழியினரை, அழைப்பார்கள். இரண்டாவதாக ஒரு லேவியரை. மூன்றாவதிலிருந்து 'இஸ்ரவேல்', அதாவது மற்ற எல்லோரும். அந்த மூன்றாவது பிரிவில் யூதா, பென்யமீன், எப்பிராயீம் என்ற வேறுபாடெல்லாம் அடங்கிப்போய்விட்டது. கோகேன் என்றால் கல்லறைத் தோட்டத்துக்குள் போக மாட்டார், விவாகரத்தான பெண்ணைக் கட்ட மாட்டார். தினம் தினம் செய்யும் காரியத்தில் இருப்பதால் அந்த அடையாளம் தங்கியது. வடக்கத்தியரின் அடையாளமோ திராட்சத் தோட்டத்திலும் ஒலிவ மரத்திலும் இருந்தது, தோட்டம் கைவிட்டுப் போனதும் அதுவும் போயிற்று.

மணிப்பூர் செய்திக்கு வருவோம்

சின்-குக்கி-மிசோ மக்களுக்கு மன்மாசி என்ற ஆதி மூதாதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மிஷனரிகள் வந்தார்கள், பெரும்பாலோர் கிறிஸ்தவர்களானார்கள், வேதாகமம் அவர்கள் மொழியில் வந்தது. மன்மாசிக்கும் மனாசேக்கும் பெயர் ஒற்றுமை கண்ணில் பட்டது. 1951இல் மிசோரம் கிராமம் ஒன்றில் ஒருவர், நம் ஜனம் இஸ்ரவேலுக்குத் திரும்ப வேண்டும் என்று தரிசனம் கண்டதாகச் சொன்னார். 1970களில் ஒரு பகுதியினர் யூத முறைகளைக் கடைப்பிடிக்கத் தொடங்கினார்கள். தொலைந்த கோத்திரங்களைத் தேடிக்கொண்டிருந்த எருசலேம் ரபி எலியாகு அவிகாயில் அவர்களோடு தொடர்பு கொண்டு 'பினே மெனாஷே', மனாசேயின் பிள்ளைகள், என்ற பெயரைக் கொடுத்தார்.

2005இல் இஸ்ரேலின் செபார்டி (ஸ்பெயின், கீழை நாட்டு யூத மரபு) தலைமை ரபி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேலின் வழியினர் என்று ஏற்றார். ஆனால் முறைப்படி மதம் மாற வேண்டும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். மூதாதை உறவை மதத் தலைமை ஏற்றது ஒரு பக்கம். இஸ்ரேலில் அவர்களுக்கு யூதர் என்ற தகுதி கிடைப்பது ரபிகளின் நீதிமன்றத்தில் செய்யும் மதமாற்றத்தால். மனாசே என்ற பெயர் கதவைத் திறந்தது, உள்ளே போவது சொந்த விருப்பத்தால். இவர்கள் அசீரியாவிலிருந்து சீனா வழியாக வந்தார்கள் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் ஐம்பது வருஷமாக ஓய்வுநாள் காத்து, பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்து, 2023 மணிப்பூர் வன்முறையில் வீடு இழந்தும் அந்த நம்பிக்கையை விடாமல் இருக்கிறவர்கள் என்பது யாரும் மறுக்க முடியாத உண்மை. அந்த உண்மைக்கு மரியாதை தர 2,700 வருஷ வம்சாவளி தேவை என்று நான் நினைக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களை நாட்டின் வடக்கே, நாசரேத்தை ஒட்டிய நோஃப் ஹகலில் முதலான கலிலேயா ஊர்களில் குடியமர்த்துவது அரசின் திட்டம். பழைய நில எல்லைப்படி அது செபுலோன், நப்தலி பக்கம், திகிலாத்பிலேசர் காலி செய்த பகுதி. மனாசேயின் பங்கு அதற்குத் தெற்கே, யெஸ்ரயேல் பள்ளத்தாக்கைத் தாண்டி, அந்த ஜாடிகள் புறப்பட்ட மலைகளில் இருந்தது.